குவியத்துக்கு இப்பால்

கடற்கரையின் பெயரைச் சொல்வதாக இல்லை.
சிலேயின் தெற்கு, பசிபிக் பக்கம்,
பேருந்து வட்டமடித்துத் திரும்பும் இடத்திலிருந்து
ஒரு மணி நேர நடை.
அவ்வளவு போதும்.

சென்ற கோடையில் சொன்னேன்.
ஞாயிறு இதழில் அரைப்பக்கத்துக்கு வந்தது படம்:
சிவந்த அலகின் கீழே, பொரிந்து ஒரு நாளான குஞ்சு,
அதன் கீழே என் பெயர்,
அதன் கீழே ஊர்.
அடுத்த சனியன்று ஐந்து ஜீப்புகள்,
மணக்கோலத்தில் ஒரு ஜோடி,
தலைக்குமேல் ரீங்கரிக்கும் ட்ரோன்.
திங்கட்கிழமை, பக்கத்துக் குழியில் இரண்டு முட்டைகள்
கூழாங்கல்லாய்க் குளிர்ந்து கிடந்தன.
ஒன்றை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன்.
ஏன் வைத்தேனோ.

இந்த டிசம்பரில் விடியுமுன் வந்து
வயிற்றால் நகர்கிறேன்,
கடல்சிங்கம் மாதிரி, அதன் லாவகம் மட்டும் இல்லாமல்.
முழங்கை, லென்ஸ், முழங்கை.
அலையில் நொல்பெர்தோவும் அவர் தங்கை எதெல்மிராவும்
இடுப்பளவு நீரில் குதிகாலைத் திருகித் திருகி
காலடி மணலில் மட்டி தேடுகிறார்கள்.
அவர் கையை உயர்த்துகிறார்: எத்தனை?
இரண்டு விரல் காட்டுகிறேன்.
மூன்றாவது, ஓட்டுக்குள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறது.

பில்பிலேன் என்பார்கள் இந்தப் பறவையை.
கத்துவதை ஒரு தடவை கேட்டால் போதும்,
பெயர் வைத்தவர் அதிகம் யோசிக்கவில்லை என்று தெரியும்.

குஞ்சு என்றால் வேறொன்றுமில்லை,
மணலுக்கு இரண்டு கால் முளைத்திருக்கிறது.
அதுவும் பெரியவர்களிடம் இரவல் வாங்கிய கால்கள்.
ஓடினால் உண்டு.
நின்றால் இல்லை.

ஓடியது.
தாயிடமல்ல, என்னிடம்.
ஆறு மீட்டர். ஐந்து.
என் லென்ஸுக்கு நாலரை மீட்டர் வேண்டும்,
அதற்கு இப்பால் உள்ள எதுவும் அதற்குத் தெரியாது.
நான்கு. இரண்டு.
சட்டகம் முழுக்கப் பழுப்புப் பனிமூட்டம்.
கண்ணை எடுத்துப் பார்த்தால்
லென்ஸின் நிழலில் வந்து அமர்ந்திருக்கிறது.
பதினொரு மணி வெயில்.
கண்ணுக்கெட்டிய தூரம் வரை
நான் ஒருத்திதான் நிழல்.

தாய் தள்ளிப் போய்
இல்லாத முட்டைமேல் இறகைப் பரப்பி உட்கார்ந்தது,
இங்கே பார், இங்கேதான் கூடு என்று.
நம்பியதாகக் காட்டிக்கொள்ளவும் வழியில்லை எனக்கு.
உடம்பு அசைந்தால் நிழல் அசையும்.

ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது.
வடக்கிலிருந்து அந்த வெள்ளை ஜீப்
ஈரத்தை விட்டு மேல்மணலில் ஏறி வந்தது.
சத்தம் தரைவழியாக
முதலில் என் விலா எலும்புக்குத்தான் எட்டியது.
குஞ்சு தட்டையாகிவிட்டது.
அதற்குத் தெரிந்த வித்தை அது ஒன்றே.
பருந்துக்கு அது போதும்.
டயருக்குப் போதாது.

எழுந்து கையாட்டலாம்.
எழுந்தால் அது எந்தப் பக்கம் ஓடும்?
யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.
நொல்பெர்தோ யோசிக்கவில்லை.
தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி
ஜீப்பின் வழியில் வலைப்பையைக் கவிழ்த்து
மட்டிகளை எண்ண உட்கார்ந்தார்.
ஹார்ன் அடித்தது.
முப்பத்தொன்று, என்றார்.
மறுபடி அடித்தது.
மறந்துபோச்சு, என்று ஒன்றிலிருந்து தொடங்கினார்.

ஜீப் பின்வாங்கியதைப் பார்த்தேன்.
நிழல் காலியானதைப் பார்க்கவில்லை.

“படம் விழுந்ததா, பிரிஹிதா?”
திரையைக் காட்டினேன்.
சாய்த்துப் பார்த்தார்,
கண்ணாடியைச் சட்டையில் துடைத்து மாட்டிப் பார்த்தார்.
“மணல் நல்லா வந்திருக்கு.”

இரவு,
படத்தோடு ஒட்டி வந்த
அட்சரேகை தீர்க்கரேகை எண்களை முதலில் அழித்தேன்.
மூட்டத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி.
கண்ணாக இருக்கலாம்.
மட்டிச் சில்லாகவும் இருக்கலாம்.
அதை அழிக்கவில்லை.

நாளை போவதாக இல்லை.
மூன்றாவது என்ன ஆயிற்று என்பதை
பேருந்து நிறுத்தத்தில், சாலைக்கு அந்தப் பக்கமிருந்து,
எதெல்மிரா விரலில் காட்டுவாள்.